ஐந்தாவது வரிசை, எட்டாவது வீடு

சீமைக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது ஸ்ரீரங்கத்திலிருந்து பன்னிரண்டு மைல். திருச்சிக்குக் கிழக்கே, திருவெறும்பூரைத் தாண்டிப் பொட்டல் காட்டில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைக் குடியிருப்புக்கு. ஆனால் கப்பலேறிப் போகிற பெண்ணுக்குக்கூட எனக்குச் சொன்ன அளவு புத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே நானும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அடையவளஞ்சான் தெருவில் மாமனார் வீடு. மொத்தம் பதினோரு பேர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒதுக்கியது கூடத்தின் மூலை. குறுக்கே என் கல்யாணத்துக்கு வந்த பச்சைப் புடவை ஒன்று திரையாகத் தொங்கியது. காற்றடித்தால் திரை விலகும். விலகினால் எதிரே மச்சாண்டார், என் வீட்டுக்காரரின் அண்ணன், உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். பாவம், அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நகை வேண்டும், பட்டு வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கதவு வேண்டும் என்றுதான் கேட்டேன். தாழ்ப்பாளோடு.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார். ஆனி மாதக் கடைசி வாரம், திங்கட்கிழமை சாயங்காலம் வந்தவர் சட்டையைக் கழற்றாமலே ஒரு காகிதத்தை நீட்டினார். குடியிருப்பில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு அறை, சமையலறை, கொல்லை. ஒரு வாரத்துக்குள் குடியேற வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியார் மட்டும் விரலை விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் குடி போவாங்களா? ஆவணியில பாத்துக்கலாம்."

"ஆவணி வரைக்கும் அவங்க வச்சிருக்க மாட்டாங்கம்மா," என்றார் இவர்.

"வச்சிருக்காட்டி போகட்டும். அங்க தண்ணி உப்பு, மனுஷங்க எல்லாம் வெளியூரு, கோயில் மேளம் காதுல விழாது. ஊராம் ஊரு!"

அத்தை கெட்டவர் இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து, அதற்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவர். ஆற்றைத் தாண்டினால் அவருக்கு அசலூர்தான். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். புதன்கிழமை ராத்திரி அத்தையே வழி சொன்னார். ஆனி கடைசி நாள் வியாழன். பத்தரையிலிருந்து பதினொன்றரை நல்ல நேரம். அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டுவிட்டால் குடி புகுந்தது மாதிரிதான். அப்புறம் சாமானோடு ஆடியிலே போனாலும் தோஷமில்லை. பொங்கவில்லையா, ஆவணி வரை வாயைத் திறக்கக் கூடாது.

"பாலு பொங்கணும் லோகா. சும்மா சுட வச்சு எறக்கினேன்னு வந்து நிக்காதே," என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் மாமாவும் கிளம்பினோம். என் மாமனார் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூட்டுவலி என்பதால் அத்தை வரவில்லை. இவருக்குப் பகல் வேலை. ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். "அஞ்சாவது வரிசை, எட்டாவது வீடு. நம்பர் இன்னும் எழுதல. பூட்டும் இல்ல, வெறும் கொண்டிதான்" என்று மாமாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். மாமா இரண்டு தடவையும் தலையை ஆட்டினார்.

என் கையில் தூக்கில் பால், இடுப்பில் பித்தளைக் குடத்தில் காவிரித் தண்ணீர். மாமா கையில் திரி ஸ்டவ். தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் விளக்கு, உப்பு, மஞ்சள், பெருமாள் படம், வீட்டிலிருந்த ஒரே அலாரம் கடிகாரம். நல்ல நேரம் தெரிய வேண்டுமே! பத்தரைக்கு அடிக்கும்படி அத்தை முடுக்கிக் கொடுத்திருந்தார்.

பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன், ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக வந்திருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டவுனில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தோம். கண்டக்டர் என் குடத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த ஊர்ல தண்ணியே இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். "இருக்கு, ஆனா காவேரி இல்லையே" என்றேன். பக்கத்தில் தொட்டியத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், காலடியில் ஒரு தார் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். மகன் அதே தொழிற்சாலையில் கொத்தனார் வேலை பார்க்கிறானாம். "நீ குடம் கொண்டுபோற, நான் தாரு கொண்டுபோறேன். போற எடத்துல ஒண்ணும் கெடைக்காதுன்னுதானே நம்ம நெனப்பு" என்று சொல்லி இரண்டு பூவன் பழம் பிய்த்துக் கொடுத்தார்.

அரியமங்கலம் தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். ஆனிக் கடைசி வெயில், சுற்றிலும் கருவேல மரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிணறு இல்லை. டிரைவர் இறங்கி வந்தார். பஸ் முழுவதையும் பார்த்துவிட்டு அவர் கண் என் குடத்தில் வந்து நின்றது.

"தர மாட்டேன்," என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

"தண்ணி ஊத்தலேன்னா வண்டி நகராதும்மா."

"இது புதுவீட்டுக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில மொண்டது."

அந்த நேரம் பார்த்து மாமாவின் பைக்குள் அலாரம் அடித்தது. பத்தரை. கிணுகிணுவென்று அது பாட்டுக்கு அடிக்கிறது, நிறுத்தத் தெரியாமல் மாமா பையை மேலிருந்து அமுக்குகிறார், பஸ்ஸே சிரிக்கிறது. "பால் பொங்கணும்னு கெளம்பினீங்க, எங்க வண்டி முந்திக்கிச்சு" என்றார் கண்டக்டர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமா என் இடுப்பிலிருந்து குடத்தை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். பாதிக்கு மேல் காவிரி ரேடியேட்டருக்குள் போயிற்று. டிரைவர் குடத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "காவேரித் தண்ணி குடிச்ச வண்டி. இனிமே எங்கேயும் நிக்காது, பாருங்க" என்றார். நிற்கவில்லைதான்.

இறங்கியபோது கடிகாரத்தில் பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம். குடியிருப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாம் ஒரே வீடு! ஒரே வெள்ளை, ஒரே ஜன்னல், ஒரே கதவு. வரிசை வரிசையாகப் பத்து வரிசை. ஒரு மரம் இல்லை. செம்மண் புழுதி ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு நம்பர் கேட்க மாட்டார்கள். நெல்லிக்காய் வீடு, மொட்டை மாடி வீடு, சண்டைக்காரி வீடு என்று சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இங்கே எதைச் சொல்லிக் கேட்பது?

"மாமா, எந்தப் பக்கத்திலேருந்து எண்றது?" என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது என்னம்மா கேள்வி? கோயில் பக்கத்திலேருந்துதான்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு வேறு எண்ணிக்கை தெரியாது. பெருமாளுக்கு அடுத்தது முதல் சுற்று, அப்புறம் இரண்டு, மூன்று என்று வெளியே வர வேண்டும். மேற்கே திருவெறும்பூர் மலைமேல் கோயில் தெரிந்தது. சிவன் கோயில்தான், ஆனாலும் கோயில். மாமா அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து விரல் நீட்டி எண்ணினார். ஐந்தாவது வரிசை. ரோட்டிலிருந்து எட்டாவது வீடு. கொண்டியை நீக்கினோம். புதுச் சுண்ணாம்பு வாசனை.

இவரைக் காணோம். பதினொன்று பத்து. "வேலையில மாட்டிக்கிட்டான் போல. நீ பத்த வை" என்றார் மாமா. தீக்குச்சி கிழித்தால் காற்று ஊதி அணைக்கிறது. மாமா தோள் துண்டை எடுத்து ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது குச்சியில் பற்றியது. விளக்கை ஏற்றி, பெருமாளை வைத்து, இருந்த காவிரியைத் தெளித்தேன். மாக்கோலம் போட்டேன். பால் சுட்டது, ஆடை கட்டியது, பொங்குவேனா என்றது. பதினொன்று இருபது, இருபத்தைந்து. "பெருமாளே, ஒரு கதவுக்காக இத்தனை தூரம் வந்திருக்கேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவில்லை, குபுக்கென்று பொங்கிக் கிழக்கே வழிந்தது.

நான் குழந்தை மாதிரி கை தட்டினேன். மாமாகூடச் சிரித்தார். பிறகு போய் வாசல் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன். டக்கென்று அது விழுகிற சத்தம் இருக்கிறதே!

மூன்றாவது தடவை தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். இவர்தான் என்று ஓடித் திறந்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் மாட்டுவண்டி நிறையச் சாமான். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுல என்ன பண்றீங்க?"

பாலக்கரையிலிருந்து வந்த மரியபுஷ்பம். அவள் புருஷன் வெல்டர், இவருக்குத் தெரிந்தவர்தான். காகிதத்தைக் காட்டினாள். ஆறாவது வரிசை, எட்டாவது வீடு. இது அஞ்சாவது என்றேன். இல்லை, ஆறாவது என்றாள். வண்டிக்காரர்தான் வழக்கைத் தீர்த்தார். "இங்க எல்லாம் ஃபாக்டரி கேட்டுலேருந்து எண்ணணும்மா. நீங்க எங்கேயிருந்து எண்ணினீங்க?"

மாமா பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் சத்தம் கேட்டு இவர் கொல்லைப்பக்கமாக ஓடி வந்தார். எங்கள் வீடு பின்னாடி வீடாம். இரண்டு வரிசைக்கும் கொல்லை ஒன்றுக்கொன்று முதுகு. நாங்கள் இங்கே தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தபோது, அவர் அங்கே வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் ஒரு முள்வேலிகூடக் கிடையாது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. நல்ல நேரம் போயிற்று, பால் போயிற்று, மறுநாள் ஆடி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மரியபுஷ்பம் முதலில் கோபமாகத்தான் இருந்தாள். "நாங்க இன்னிக்குச் சாமானை எறக்கி வச்சுட்டு, ஞாயித்துக்கெழமை சாமியாரை வரச்சொல்லி மந்திரிச்சுட்டுக் குடி வரலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்க வெளக்கேத்தி, கோலம் போட்டு..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "சரி விடுங்க. பால் பொங்கின வீட்டுல கண்ணைக் கசக்கக் கூடாது. இருக்கற பாலை எல்லாருக்கும் ஊத்துங்க."

ஊற்றினேன். இருந்தது ஆளுக்கு ஒரு வாய். வண்டிக்காரருக்கும் கொடுத்தோம். மாமா கடைசியாகக் குடித்துவிட்டு எழுந்து, "வா, லோகா" என்றார். விளக்கையும் படத்தையும் எடுத்துக்கொண்டு கொல்லைவழியே போய் எங்கள் வீட்டில் வைத்தோம். அவ்வளவுதான் எங்கள் கிருஹப்பிரவேசம்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா அன்றைய பத்து வார்த்தைக்கு மேலேயே பேசினார். "அவ கேட்டா நான் பதில் சொல்றேன். நீ பேசாம இரு. உனக்கு வாய் நிக்காது."

அத்தை வாசலிலேயே நின்றார். "பொங்கிச்சா?"

"பொங்கிச்சு," என்றார் மாமா.

"எந்தப் பக்கம்?"

"கிழக்கால."

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை அள்ளி வாயில் போட்டார். இனித்தது. உண்மையைச் சொன்னால் ஆவணி என்பார், வீடு போய்விடும். சொல்லாவிட்டால் இந்தச் சர்க்கரையைத் தின்ற நாக்கு என்னை விடாது. நான் கதவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆடி மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை குடிபோனோம். முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. அத்தனை அமைதி! இருமினால் பதில் இருமல் இல்லை. விடியற்காலம் கோயில் மேளத்துக்குப் பதில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பதறி எழுந்து எங்கோ யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். இவர் சிரித்த சிரிப்பில் முதல் நாள் காபி ஆறிப்போயிற்று.

அந்த ஊரின் காற்றைச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அங்கே அம்மி இருந்தால் பறந்திருக்கும். சாதத்தில் மண், குழம்பில் மண், காதுக்குள் மண். குழாய்த் தண்ணீர் அத்தை சொன்ன மாதிரி உப்பில்லை, சப்பென்றிருந்தது, பருப்பு வேகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. என் பருப்புப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ராத்திரியே ஊறப்போடு, பெண்ணே, என்று கையாலும் கண்ணாலும் சொன்னார். மறுநாள் வெந்தது. நான் ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தேன். கிண்ணத்தில் இரண்டு தடிச் சப்பாத்தி திரும்பி வந்தது. இவர் அதைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, இட்லி மாதிரி இருக்கிறது என்றார். அது பொய்.

மரியபுஷ்பம் கொல்லைப்பக்கம் வழியாக வருவாள், போவாள். அவள் சமையலறையில் புகை போவதற்கு வழி சரியில்லை. என் சமையலறையில் குழாய் சரியில்லை. ஆகவே அவள் என் கொல்லையில் அடுப்பு மூட்டினாள், நான் அவள் வீட்டில் தண்ணீர் பிடித்தேன். "அன்னிக்கு நீங்க ஆசையா தாழ்ப்பாள் போட்டீங்களே, அந்தத் தாழ்ப்பாளே இப்ப விழ மாட்டேங்குது. உங்க கைராசி" என்று கேலி செய்வாள். எல்லாம் சரிதான். ஆனால் சனிக்கிழமை இவர் ஸ்ரீரங்கம் போய்வந்து, "அம்மா கேட்டாங்க, பால் பொங்கின எடத்துல தினம் ஒரு கோலம் போடறாளான்னு" என்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். நான் கோலம் போட வேண்டிய இடத்தில் மரியபுஷ்பத்தின் அரிசி டின் இருந்தது.

ஆடிப் பதினெட்டு திங்கட்கிழமை வந்தது. அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரிக்குப் படைத்துத் தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும். இவருக்கு விடுப்பு இல்லை, முந்தின நாள் எனக்கு லேசாகக் காய்ச்சல். வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கொல்லைக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அக்கா, சீக்கிரம் வாங்க. உங்க மாமியார் எங்க வீட்டுல உக்காந்திருக்காங்க."

மூட்டுவலியாவது மண்ணாவது, மருமகளுக்குக் கயிறும் சித்திரான்னமும் கொடுக்க வேண்டுமென்று இரண்டு பஸ் மாறித் தனியாக வந்துவிட்டார். மாமாவிடம் வழி கேட்டிருக்கிறார். மாமா சொன்னாராம்: "அஞ்சாவது வரிசை, எட்டாவது வீடு." அவ்வளவுதான். எங்கேயிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, அந்தப் பொய்யைச் சுமக்க முடியாமல் வேண்டுமென்றே விட்டாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நம்பர் எழுதுகிறவரோ மூன்றாவது வரிசையோடு நின்றுபோயிருந்தார். அத்தை மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கோயில் பக்கத்திலிருந்து எண்ணினார். நேரே வந்து, "லோகா" என்று கூப்பிட்டுக்கொண்டே சமையலறை வரைக்கும் போய்க் கூடையை இறக்கினார்.

"செவத்துல மாதா படத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்கக்கா," என்றாள் மரியபுஷ்பம். "அதுக்கப்புறம்... எனக்கு என்ன தெரியும்? உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். அன்னிக்குப் பால் காய்ச்சின கதையைச் சிரிச்சுக்கிட்டே பூராவும் சொல்லிட்டேன்."

போனேன். அத்தை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி டின்னை நகர்த்தியிருந்தது. சிமெண்டில் பால் வழிந்து காய்ந்த கறை.

"இங்கதானா?"

"ஆமா அத்தை."

"கிழக்காலதான் வழிஞ்சிருக்கு." குனிந்து கறையை விரலால் தடவினார். "அவர் பொய் சொல்லல. நீயும் சொல்லல. ஆனா என்கிட்ட சொல்லவும் இல்லையே, லோகா. பதினாறு நாளா பால் பொங்காத வீட்டுல இருந்திருக்கீங்க."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "சொன்னா வீடு போயிடும்னு பயந்துட்டேன் அத்தை. எனக்கு ஒரு கதவு வேணும்னு இருந்தது. ரெண்டு வருஷமா அந்தத் திரைக்குப் பின்னால மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் தூங்கினேன்."

எழுந்து வா, சாமானைக் கட்டு, ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்லப்போகிறார். ஒருமுறை காலி செய்தால் அடுத்தவர் மறுநாளே வந்துவிடுவார். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்த வீட்டுல கதவு இருந்ததில்ல," என்றார். "நான் வாழ வந்தப்ப திரைகூடக் கெடையாது." பிறகு எழுந்தார். "இன்னிக்கு என்ன நாளு?"

"பதினெட்டாம் பெருக்கு."

"பதினெட்டாம் பெருக்குக்கு நேரமும் கெடையாது, தோஷமும் கெடையாது. தொட்டது பெருகும். வா உன் வீட்டுக்கு. பால் இருக்கா?"

பால் இல்லை. காலையில் வாங்கியது தீர்ந்துவிட்டது, பால்காரர் ஐந்து மணிக்குத்தான் வருவார். "என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியும். வேறு வீட்டில் தண்ணீர்கூட அத்தை குடித்ததில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையிலிருந்த கறையைப் பார்த்தார்.

"எங்க பாலு உன் வீட்டுல பொங்கிச்சில்ல? உன் பாலைக் கொண்டா. அங்க பொங்கட்டும்."

மூன்று பேரும் கொல்லை வழியாக வந்தோம். அத்தை கூடையில் ஒரு செம்பு காவிரித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். ரேடியேட்டருக்குத் தப்பி வந்தது. அதைத் தெளித்தார். தீக்குச்சி அணைந்தது. அத்தை முந்தானையை விரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். மரியபுஷ்பம் கதவுப் பக்கம் நின்றாள். பால் இந்தத் தடவை பிகு பண்ணாமல் பொங்கிற்று. ஆனால் மேற்கே வழிந்தது. எனக்குத் திக்கென்றது.

"மேற்காலன்னா ஸ்ரீரங்கம் பக்கம்தானே?" என்றார் அத்தை. "வழியட்டும்."

அன்று எங்கள் வீட்டில் நாலு விதச் சித்திரான்னம். பஞ்சாபி அம்மாள் தேங்காய்ச் சாதத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலுமிச்சைச் சாதம் நன்றாயிருக்கிறது என்ற மரியபுஷ்பத்திடம், உப்பு ஒரு கல் கம்மி என்று அத்தை திருத்தினார். சங்கு ஊதி இவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் அம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வெளியிலேயே நின்றாராம். "உள்ள வாடா, உதைக்க மாட்டேன்" என்று அத்தை கத்தினார்.

சாயங்காலம் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட இவர் கூடப் போனார். அத்தை ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, எந்த வீடு என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். எல்லாம் ஒரே வீடாயிற்றே! நான் வாசலில் நின்று கையை ஆட்டினேன்.

"கதவைச் சாத்திக்கோ லோகா, மண்ணு வருது!" என்றார் அங்கிருந்தே.

சரி அத்தை என்று தலையை ஆட்டினேன். சாத்தவில்லை. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் இருட்டும் வரைக்கும் விரியத் திறந்து போட்டிருந்தேன். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போயிற்று. வீடெல்லாம் செம்மண். மறுநாள் காலை சங்கு ஊதியதும் எழுந்து கூட்டித் தள்ளிவிட்டு, பால் பொங்கிய இடத்தில் கோலம் போட்டேன்.